மாரக்காவுக்கு நான் வைத்த முடிவு

"அக்கா, மாரக்கா கெளம்புனாளா இல்லியா?"

கம்பெனி பஸ்ஸில் ஏறி என் பக்கத்தில் உட்காருவதற்குள் மஞ்சுளா கேட்டது இது. வணக்கம் கிடையாது, சாப்பிட்டீங்களா கிடையாது. ஓசூரின் பனிக்காலக் காலை, மணி ஆறே முக்கால். பஸ் கண்ணாடியில் ஈரம் வழிந்துகொண்டிருந்தது. டிரைவர் தலையில் குரங்குக் குல்லா. பாதிப் பேர் வாயைத் திறந்துகொண்டு தூங்க, மீதிப் பேர் போனில் யாரோ ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவளுக்கு மட்டும் மாரக்கா கிளம்பினாளா என்று தெரிய வேண்டும்.

"இன்னும் இல்ல மஞ்சு. மாமியார் சாவிக்கொத்தை இடுப்புல சொருகுறதை நாலு பக்கம் எழுதியிருக்கான். அதைத் தாண்டணும்."

"நாலு பக்கமா? சாவியா, பூட்டா அது?" என்றாள் மஞ்சுளா.

மாரக்கா எங்கள் சொந்தக்காரி இல்லை. எழுநூற்று நாற்பது பக்க நாவல் ஒன்றின் கதாநாயகி. ஏதோ ஒரு குளிர் தேசத்துக்காரி. பெயர் மார்கிதா. மஞ்சுளா அதை இரண்டே நாளில் மாரக்கா ஆக்கிவிட்டாள். மொழிபெயர்ப்பாளர் இவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நாவலின் பெயரைச் சொல்ல மாட்டேன். படிக்காமலேயே படித்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்களுக்கு நான் ஏன் உதவி செய்ய வேண்டும்?

யாரும் தொடாத அலமாரி

நான் கியர் பற்களை அளந்து பார்க்கும் பிரிவில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். ஒரு பல் மயிரிழை பிசகியிருந்தாலும் அந்தக் கியரைச் சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவோம். இந்தப் பழக்கத்தோடு நாவல் படிக்க வந்தால் என்ன ஆகும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். உலகம் போற்றும் பல நாவல்களில், முதல் நூறு பக்கத்தை நான் சிவப்புத் தொட்டியில் போட்டிருப்பேன்.

படிக்கும் ஆசை பாரூரில் பிறந்த வீட்டில் வந்ததல்ல. அங்கே இருந்த புத்தகங்கள் இரண்டு. ஒன்று பஞ்சாங்கம், இன்னொன்று உரக் கம்பெனி கொடுத்த டைரி. அப்பாவுக்கு இரண்டாவதன் மேல்தான் நம்பிக்கை அதிகம். அதிலாவது கரும்புக்கு எப்போது தண்ணீர் விட வேண்டும் என்று போட்டிருந்தது.

ஆசை வந்தது எங்கள் மனிதவளப் பிரிவின் கருணையால். அந்தப் பிரிவுக்குப் புதிதாக வந்த திவ்யா மேடம் வாசிப்பு வட்டம் ஒன்றைத் தொடங்கினார். மாதம் ஒரு சனிக்கிழமை, முதல் ஷிஃப்ட் முடிந்ததும் பயிற்சி அறையில் கூட வேண்டும். பங்கேற்பவர்களுக்குச் சமோசா உண்டு என்று சுற்றறிக்கையின் கடைசி வரியில் இருந்தது. இலக்கியம் உடனே வளர்ந்துவிட்டது.

முதலில் ஆளுக்கொரு தன்னம்பிக்கைப் புத்தகம் தந்தார்கள். அட்டையில் மலை, மலை உச்சியில் கைகளை விரித்து நிற்கும் ஓர் ஆள். காலையில் நாலரைக்கு எழுந்தால் வாழ்க்கை மாறும் என்றது முதல் அத்தியாயம். நான் பத்தொன்பது வருடமாக நாலரைக்குத்தான் எழுந்திருக்கிறேன். மாறியது என் முழங்கால் மட்டும்தான்.

அடுத்து ஒரு சரித்திர நாவல், மூன்று பாகம். அதில் எல்லோரும் மாறுவேடத்தில் இருந்தார்கள். இரண்டாம் பாகத்தின் நடுவில், மாறுவேடம் போடாத ஒரே ஆள் நான்தான் என்ற சந்தேகம் வந்து மூடிவிட்டேன்.

அதற்குப் பிறகு விருது வாங்கிய தற்கால நாவல் ஒன்று. முற்றுப்புள்ளியே கிடையாது. பஸ்ஸில் படித்துவிட்டு இறங்க வேண்டிய இடத்தில் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் திண்டாடினேன்.

அதனால்தான் ஒரு விடுமுறை நாளில் நூலகத்துக்குப் போய், நல்லதாக, பழையதாக ஏதாவது கொடுங்கள் என்று கேட்டேன். நூலகர் கோடியில் இருந்த அலமாரியைக் காட்டினார்.

"அது கிளாசிக்கு ரேக்குங்க. எல்லாமே புத்தம் புதுசா இருக்கும்."

"பழைய புத்தகம் எப்படிங்க புதுசா இருக்கும்?"

"யாராச்சும் தொட்டாத்தானேம்மா பழசாவும்?"

அந்தத் தடிப்புத்தகத்தை வீட்டுக்குத் தூக்கி வந்தபோது என் கணவர் கையில் வாங்கி எடை பார்த்தார். அவருக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். இருபது வருடம் ஓசூரில் இருந்தும் பேச்சு மட்டும் இன்னும் வண்டி ஏறவில்லை.

"இதையா படிக்கப் போறே? காத்துல கதவு அடிக்காம முட்டுக் கொடுக்கலாம்லா."

படித்து முடித்த பிறகு, அந்த யோசனை அப்படியொன்றும் மோசமில்லை என்று எனக்கே தோன்றியது.

அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

கதை இதுதான். உப்பு விளைகிற ஒரு தீவு. மார்கிதாவின் கணவன் கப்பலில் போகிறான். வருடத்துக்கு ஒரு கடிதம் போடுகிறான், பிறகு அதுவும் நின்றுவிடுகிறது. மாமியார், பாதிரியார், பக்கத்து வீட்டுக்காரி எல்லோரும் சொல்வது ஒன்றே: அவன் வருவான், நீ இரு. அவளும் ஒன்பது வருடம் இருக்கிறாள். இந்த ஒன்பது வருடத்தையும் ஆசிரியர் ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறார்.

மஞ்சுளாவுக்கு இதை நான் சொல்லத் தொடங்கியது பொழுதுபோக்காகத்தான். எங்கள் பிரிவில் என் பக்கத்து மேசை அவளுடையது. அஞ்செட்டிப் பக்கத்துப் பெண், வீட்டில் கன்னடம். பள்ளியும் கன்னடத்தில்தான். தமிழை நம்மைவிட வேகமாகப் பேசுவாள். ஆனால் படிக்கச் சொன்னால் கடைப் பலகையைத் தாண்ட மாட்டாள். அதனால் பஸ்ஸில் போகிற அரை மணி நேரம் நான் கதை சொல்வது, அவள் கேட்பது என்று ஆனது.

ஆனால் அவள் கேட்கிற விதம் எனக்குச் சீக்கிரமே உறைத்தது.

மஞ்சுளாவுக்கு இருபத்தொன்பது வயது. கல்யாணமாகி எட்டு வருடம். கணவன் லாரி ஓட்டப் பெங்களூரு போய் ஏழு வருடம் ஆகிறது. யுகாதிக்கு ஒரு போன் வரும். அங்கே வேறு குடும்பம் இருப்பதாகக் கேள்வி. பார்த்தவர்கள் சொல்லவில்லை, சொன்னவர்கள் பார்க்கவில்லை. ஓசூரில் பெண்கள் விடுதியில் தங்கி வேலை செய்கிறவள், வார விடுமுறை வந்தால் தேன்கனிக்கோட்டையில் பஸ் மாறி அஞ்செட்டிக்குப் போவாள். அம்மா வீட்டுக்கு இல்லை, மாமியார் வீட்டுக்கு. இரண்டு மாடு, ஒரு கேழ்வரகுக் காடு, ஒரு வாரத் துணி. எல்லாவற்றையும் முடித்துவிட்டு, மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து ஷிஃப்ட்டுக்கு வந்துவிடுவாள்.

"எதுக்கு மஞ்சு போறே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவுரு வர்ற நேரத்துல நான் இல்லன்னா நல்லா இருக்காதுன்னு அத்தை சொல்றாங்க."

ஏழு வருடமாக வராத மனிதர், சரியாக இவள் இல்லாத ஞாயிற்றுக்கிழமை பார்த்து வந்துவிடுவாராம். அந்த அத்தைக்கு நாவல் எழுதும் திறமை இருந்தது.

அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மார்கிதா கிளம்பினாள். வியாழக்கிழமைப் படகில் ஒரு பையோடு ஏறிவிட்டாள். அன்றைக்கு மேம்பாலத்துக்குக் கீழே லாரிகள் நெருக்கியடித்துப் பஸ் நகரவே இல்லை. நான் ஆற அமரச் சொன்னேன். மஞ்சுளா முன் இருக்கைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அத்தைக்காரி என்ன சொன்னா?"

"கரையில நின்னு பார்த்தா. ஒண்ணும் சொல்லல."

"சொல்ல மாட்டா. அவ சாவிய மாரக்கா எடுத்துனு போவலியே." கம்பியை இன்னும் விடவில்லை. "அப்புறம் என்னாச்சுக்கா?"

"இன்னும் படிக்கல."

ரொட்டிக்கடை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நாவலை முடித்தேன். முடித்துவிட்டு, சமையலறையில் போய் நின்று தண்ணீர் குடித்தேன்.

பழைய நாவல்களில் எனக்குப் பிடிபட்ட ஒரு விதி உண்டு. பெண் வீட்டைத் தாண்டினால் ஐம்பது பக்கத்துக்குள் அவளுக்கு இருமல் வந்துவிடும். ஆண் எங்கே வேண்டுமானாலும் போகலாம், சண்டை போடலாம், சூதாடலாம், நுரையீரல் கல் போல இருக்கும். இவள் படகில் ஏறியதுமே மழை பிடித்துக்கொண்டது. நகரத்தில் இறங்கினாள், நனைந்த துணி, வாடகை அறை, காய்ச்சல். எழுநூற்று முப்பத்தெட்டாம் பக்கத்தில் செத்துப்போனாள். கடைசி இரண்டு பக்கம் கடல் வர்ணனை. ஒன்பது வருடம் காத்திருந்தவளைப் பத்து நாள்கூட வாழவிட அந்த மனிதருக்கு மனசு வரவில்லை. உலகமே அவரைக் கருணையின் எழுத்தாளர் என்கிறதாம். பின்னட்டையில் போட்டிருக்கிறது.

திங்கட்கிழமை பஸ்ஸில் மஞ்சுளா அஞ்செட்டியிலிருந்து நேராக வந்திருந்தாள். காலில் சாணிக் கறை. முகத்தில் தூக்கம்.

"முடிச்சிட்டீங்களாக்கா?"

"முடிச்சிட்டேன்."

"போய்ச் சேந்தாளா?"

நான் பொய் சொன்னேன். பத்தொன்பது வருடமாகத் தவறான கியரைச் சரி என்று ஒருமுறைகூட முத்திரை குத்தாதவள், அன்று கூசாமல் சொன்னேன். படகு போய்ச் சேர்ந்தது. நகரத்தில் ஒரு ரொட்டிக்கடையில் வேலை கிடைத்தது. கடைக்காரர் மனைவியை இழந்தவர், நல்லவர். கடைசியில் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். சுபம்.

மஞ்சுளா "ஓ" என்றாள். அவ்வளவுதான். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். எழுத்தாளராக அதுதான் என் முதல் முயற்சி.

மூன்று வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டின்போது எலுமிச்சைச் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"இந்த ஞாயித்துக்கெழம நான் போவலக்கா. இனிமேட்டும் போவல. கிருஷ்ணகிரியில ஒரு லேடி வக்கீலப் பாத்துட்டேன். டைவர்ஸ் நோட்டீஸ் அனுப்பியாச்சு."

நான் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டேன். இல்லாத ரொட்டிக்கடையை நம்பி ஒருத்தி படகில் ஏறிவிட்டாளே!

அடுத்த திங்கட்கிழமை, பஸ் நிற்கும் இடத்தில் அவளுடைய மச்சினன் பைக்கோடு நின்றான். முப்பது வயது இருக்கும். கழுத்தில் மடித்த மஃப்ளர். எங்களுக்கும் புரியட்டும் என்று தமிழில் பேசினான். சத்தம் ரோட்டின் அந்தப் பக்கம் வரை கேட்டது.

"அண்ணி, என்னா இது? மாடு ரெண்டும் கறக்க ஆளில்லாம கத்துது. அம்மா அழுவுது."

வரிசையைக் கவனியுங்கள். முதலில் மாடு, அப்புறம் அம்மா. அண்ணன் பட்டியலிலேயே இல்லை.

"நீ கற" என்றாள் மஞ்சுளா.

"உங்களுக்கு யாரு இதெல்லாம் சொல்லிக் குடுக்கறது? இந்தக் கம்பெனிப் பொம்பளைங்கதானே?"

நியாயமாக நான் முன்னால் போய் நின்றிருக்க வேண்டும். நாவல்களில் தோழிகள் அப்படித்தான் செய்கிறார்கள். நான் கைப்பையில் எதையோ தேடினேன். பஸ் வந்து என் மானத்தைக் காப்பாற்றியது.

ஏன், ஏன், ஏன்

அந்தச் சனிக்கிழமைதான் வாசிப்பு வட்டம். பேச வேண்டியது நான். அதுவரை அந்தப் பக்கமே வராத மஞ்சுளா, அன்று முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். மடியில் பேப்பர் தட்டு, அதில் இரண்டு சமோசா.

உண்மை முடிவைச் சொன்னால் இவள் உடைந்துவிடுவாள். பொய் முடிவைச் சொன்னால் யாருக்கும் தெரியப் போவதில்லை, தொடாத அலமாரிதானே. அதனால் தைரியமாக ரொட்டிக்கடை வரை கொண்டுபோய் முடித்தேன். கைதட்டல்கூட வந்தது.

அப்போது பராமரிப்புப் பிரிவு பிரபாகர் சார் கையைத் தூக்கினார். கூட்டத்துக்கு வரும் முன் எந்தப் புத்தகமானாலும் அதன் சுருக்கத்தைப் போனில் படித்துவிட்டு வரும் பொறுப்பான மனிதர்.

"மேடம், அந்த லேடி கடைசியில டெத் இல்லையா?"

அறையில் சமோசா மெல்லும் சத்தம் நின்றது.

"ஆமாங்க சார்," என்றேன். "செத்துடறாங்க."

திவ்யா மேடம் குழம்பிப்போனார். "அப்போ பேக்கரி?"

"அது... நான் சொன்னது."

பிரபாகர் சாருக்கு அதெல்லாம் பொருட்டில்லை. அவர் ஏற்கெனவே வெள்ளைப் பலகை அருகே போயிருந்தார். மெஷின் பழுதானால் நாங்கள் ஐந்து முறை ஏன் என்று கேட்டுக் காரணம் கண்டுபிடிப்போம். அதையே எழுதினார். கதாநாயகி இறந்தாள். ஏன்? காய்ச்சல். ஏன்? நனைந்தாள். ஏன்? படகில் கூரை இல்லை. ஏன்? திட்டமிடல் இல்லை. ஏன்? அவசரம். தீர்வு: மழைக்கோட்டு. திவ்யா மேடம் அதைப் போட்டோ எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். இருநூறு வருடம் உலகம் அழுத கதை, பன்னிரண்டு நிமிடத்தில் சரிசெய்யப்பட்டது.

நான் மஞ்சுளாவைப் பார்க்கவில்லை. கூட்டம் முடிந்ததும் அவளே வந்து சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"மஞ்சு, நான் வேணும்னு..."

"எனக்குத் தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"அவ செத்துட்டான்னு. நீங்க ரொட்டிக்கட சொன்னீங்க இல்ல, அதுக்கு அடுத்த வாரமே தெரியும். அட்டப் படத்தக் காட்டிப் போன்ல தேடினேன். கன்னடத்துல ஒருத்தர் மொத்தக் கதையும் சொல்லியிருக்காரு. நாப்பது நிமிசம்தான். நீங்க மூணு மாசம் இழுத்தீங்க."

"எங்க கேட்டே?"

"அத்தை ஊட்டுல. மாட்டுக் கொட்டாயில சாணி வாரிக்கினே கேட்டேன்."

"கேட்டுமா வக்கீல்கிட்ட போனே?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

"கேட்டதாலதான் போனேன். கெளம்புனவ செத்தா, சரி. அந்தத் தீவுலயே இருந்தாளே அத்தைக்காரி, அவளும்தான் செத்தா, மாரக்காவுக்கு முன்னாடியே. எல்லாரும்தான்க்கா சாவுறாங்க. மாரக்கா நாலு நாளு வேற ஊரப் பாத்துட்டாச்சும் செத்தா. எனக்கு அப்பத்தான் அழுவ வந்துச்சு. சாணிக்கூடையக் கீழ வெச்சிட்டு அழுதேன்."

நான் யாருடையதோ ஒரு சைக்கிளின் மணியைத் தடவிக்கொண்டு நின்றேன்.

"அப்புறம் உங்க முடிவு நல்லாவே இல்லக்கா" என்றாள்.

"ஏன், நல்லாத்தானே இருந்துச்சு?"

"ஒருத்தன்கிட்ட இருந்து இப்பத்தான் தப்பிச்சி வர்றா. ஒடனே இன்னொருத்தனக் கட்டி வெச்சிட்டீங்க. ரெண்டு நாளு லீவு குடுக்கக் கூடாதா அவளுக்கு?"

ஆசிரியரைக் கருணையில்லாதவர் என்று திட்டியவள் நான். நான் கொடுத்த கருணை இவ்வளவுதான் என்று அன்றைக்குத் தெரிந்தது. அவர் கொன்றார், நான் கட்டிக்கொடுத்தேன். இரண்டு பேருக்கும் அவளைச் சும்மா விட மனசில்லை.

அவர் வந்த காலை

மஞ்சுளாவின் வழக்கு அதன் பிறகு பல வாய்தா தாண்டி, போன மாதம்தான் முடிந்தது. தீர்ப்பு அவள் கேட்டபடியே வந்தது. ஆனால் எனக்குத் தீர்ப்பைவிட நன்றாக நினைவிருப்பது, அவள் கணவர் வந்த காலை.

ஏழு வருடம் காத்திருந்தபோது வராதவர், காத்திருக்கப் போவதில்லை என்ற நோட்டீஸ் கைக்குக் கிடைத்ததும் இரண்டே வாரத்தில் வந்தார். கம்பெனி கேட்டுக்கு எதிரே, டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு. பஸ்ஸிலிருந்து நாங்கள் இறங்கியதும் எழுந்தார். நான் கற்பனை செய்திருந்த வில்லன் இல்லை. லேசாக வயிறு வைத்த, தூக்கமில்லாத, சாதாரண மனிதர். அதுதான் எனக்கு அதிகக் கோபத்தைத் தந்தது. இதற்காகவா அத்தனை ஞாயிற்றுக்கிழமை?

மஞ்சுளா நின்றாள். அவள் கை என் முழங்கைக்கு மேலே பிடித்தது. நல்ல இறுக்கம்.

இந்த முறை நான் கைப்பையில் எதையும் தேடவில்லை. அவள் பக்கத்திலேயே நின்றேன். பெரிய வீரமெல்லாம் இல்லை, பிடியை விட்டால்தானே நகர முடியும்.

அவர் கன்னடத்தில் ஏதோ சொன்னார். வீடு, அம்மா என்ற சொற்கள் எனக்குப் புரிந்தன. மன்னிப்பு என்ற சொல் கன்னடத்தில் என்னவென்று எனக்குத் தெரியும். அது வரவில்லை. கடைசியில், வா போகலாம் என்பது போலக் கையை நீட்டினார்.

கேட்டில் முதல் சங்கு ஊதியது. எங்களைக் கடந்து ஆட்கள் அவசரமாக உள்ளே போனார்கள். மஞ்சுளா என் கையை விட்டாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

"ஈக பந்த்யா?" என்றாள். இப்பவா வந்தே என்று அர்த்தம். குரல் உயரவே இல்லை. "நனகெ ஷிஃப்ட் இதெ."

எனக்கு ஷிஃப்ட் இருக்கிறது.

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். உள்ளே போய் வருகைப் பதிவு மெஷினில் விரலை வைத்தாள். முதல் தடவை ஏற்கவில்லை, இரண்டாம் தடவையும் ஏற்கவில்லை. விரலைத் துப்பட்டாவில் துடைத்துவிட்டு அழுத்தி வைத்தாள். ஏற்றுக்கொண்டது. ஒரு நிமிடம் தாமதம் என்று சிவப்பில் காட்டியது.

"பாருங்கக்கா," என்றாள் மஞ்சுளா. "அவுரால லேட்டு."